கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்

நான் இதுவரை எழுதியதில் வெளியுலகில் ஒரு விளைவை உண்டாக்கியது என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவாசிகள் சார்பில் நகராட்சி ஆணையருக்கு எழுதிய ஒன்றரைப் பக்க மனு. பத்து வருஷங்களாக விமர்சனம் என்ற பெயரில் நான் எழுதிவருவதைப் படித்து எந்தக் கவிஞரும் ஒரு வரியை மாற்றியதாகத் தகவல் இல்லை. மனுவோ பதினோரு நாட்களில் வேலை செய்தது. அது செய்த வேலைதான் இதை எழுத வைக்கிறது. இலக்கியப் பத்திரிகையில் குப்பைத் தொட்டிக்கு என்ன இடம் என்று கேட்கக்கூடிய நண்பர்கள் இந்த வட்டத்தில் உண்டு. மொழியைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம், சாதாரண மனிதனின் மொழி அதிகாரத்துக்கு எதிரே போய் நிற்கிற இடமாகிய மனுவை ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

எங்கள் தெரு இருபது அடித் தெரு. நாற்பத்தொரு வீடுகள். ஒரு முனையில் பிரதான சாலை, மறு முனையில் ஒரு பள்ளிக்கூடம். காலை எட்டரையிலிருந்து ஒன்பதேகால்வரை பள்ளி வேன்களும் ஆட்டோக்களும் முட்டிக்கொண்டு நிற்கும். இரு பக்கமும் கார்கள். முனையில் குப்பைத் தொட்டி, அதைச் சுற்றி நாய்கள், மாடு, நேற்றைய சாம்பார். இவற்றோடு வாழப் பழகியிருந்தோம். ஒரு ராத்திரி நாலு வீடு தள்ளி ஒரு பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துச் சாலைவரை தூக்கிக்கொண்டு போனோம். தூக்கியவர்களில் நானும் ஒருவன். கார்களுக்கு இடையே நாற்காலியைத் திருப்பித் திருப்பி நுழைக்கும்போது அந்த அம்மாளின் தலை ஒரு பக்கம் சரிந்து சரிந்து விழுந்தது. பிழைத்துக்கொண்டார், வலது கை திரும்பவில்லை.

ஆகவே எங்கள் குறை பொய்யானதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஏனென்றால், குடியிருப்போர் சங்கம் என்றாலே மத்தியதர வர்க்கத்தின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடுவது நம்மவர்களுக்கு ஒரு சுலபமான பழக்கமாகிவிட்டது. பக்கவாதம் வர்க்கம் பார்த்து வருவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் திண்ணையில் கூடினோம். "தம்பி, நீங்க இங்கிலீஷ் பி.ஏ. பேங்க்ல லெட்டர் எழுதிப் பழக்கம். நீங்களே எழுதிடுங்க" என்றார் அவர். மறுப்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று கோரிக்கைகள். அவை எழுதப்பட்ட விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கார்களைப் பற்றி நான் முதலில் எழுதியது: "தெருவின் இருபுறமும் வீட்டுக்காரர்கள் தங்கள் கார்களை நிரந்தரமாக நிறுத்திவைத்துள்ளனர்." திண்ணையில் இருந்த பதினைந்து பேரில் ஆறு பேர் கார் வைத்திருந்தார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. "கொஞ்சம் நாசூக்கா இருக்கட்டுமே" என்றார் ஒருவர். வாக்கியம் இப்படி ஆயிற்று: "வாகனங்கள் ஒழுங்கற்ற முறையில் நிறுத்தப்படுவதால் சிரமம் ஏற்படுகிறது." வீட்டுக்காரர் போய்விட்டார். கார் போய், வாகனம் வந்தது. நிறுத்துகிறவன் யாரும் இல்லாமல் அவை தாமாக நிற்கின்றன. குப்பைத் தொட்டியை "வேறு பொருத்தமான இடத்துக்கு" மாற்ற வேண்டும் என்று எழுதினேன். எந்த இடம் என்று கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவர் வாசலைக் காட்டியிருப்போம். மூன்றாவது வாக்கியத்தை ஒருவரும் திருத்தவில்லை. நானாக எழுதியது, ஒலி நயம்கூட இருந்தது: "மரத்தடியில் போக்குவரத்துக்கு இடையூறாக நிற்கும் தள்ளுவண்டியை உடனடியாக அப்புறப்படுத்துமாறு வேண்டுகிறோம்." மனுவில் எழுவாயும் பயனிலையும் தெளிவாக இருந்த ஒரே வாக்கியம் அது. ஒருமை. "உடனடியாக" என்ற சொல் வேறெங்கும் இல்லை.

பதினோராம் நாள் ஒரு சிறிய லாரியும் நாலு ஆட்களும் சுகாதார ஆய்வாளரும் வந்தார்கள். புங்க மரத்தடியில் இருந்த இஸ்திரி வண்டி பத்து நிமிஷத்தில் போய்விட்டது. தொட்டியை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்தெருவில் ஓட்டு வீடுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் வைத்தார்கள். கார்களுக்காக "வாகனங்களை நிறுத்தாதீர்" என்று ஒரு பலகை நட்டார்கள். அதன் அடியில் இன்றைக்கும் ஒரு கார் நிற்கிறது.

இதெல்லாம் நடக்கும்போது நான் வங்கியில் இருந்தேன். அன்று சாயங்காலம் என்னுடைய இரண்டு சட்டைகள் மடித்து வீட்டில் வந்திருந்தன. லாரி வந்தபோது அவை வண்டியில் இருந்தனவாம். வண்டியை ஏற்றவிட்டு, தெருக்காரர்களின் துணிகளை எல்லாம் ஒரு போர்வையில் கட்டி எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவரைப் பார்த்தேன். ஒரு சைக்கிள் கடை வாசலில் மேஜை போட்டிருந்தார். "நல்லாப் படிச்சவங்க யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க சார். இன்ஸ்பெக்டர் படிச்சுக் காட்டினாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பேப்பர் இருக்கு, நான் என்னப்பா பண்றதுன்னாரு." நான் ஏதோ முனகிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி நகர்ந்தேன். "சட்டை வந்துச்சுங்களா சார்?" என்று கேட்டார். வந்தது என்றேன்.

இங்கே நிறுத்திக்கொண்டால் ஒரு சுமாரான சிறுகதை கிடைக்கும். குற்றவுணர்வு நம் சிறுகதைகளில் மலிந்துகிடக்கிற சரக்கு. அனுபவித்தவனுக்குக் கொஞ்சம் சுகமாகவே இருப்பது. யாருக்கும் ஒன்றையும் திருப்பிக் கொடுக்காதது. எனக்கு வேண்டியது அதுவல்ல. நான் எழுதியது தவறா, எழுதியதில் எது தவறு என்று தெரியவேண்டும். குறையே சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாற்காலியைத் தூக்கியவன் நான்.

மகஜர் என்ற சொல்லைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். அது அரபியிலிருந்து வந்தது. வேர்ச்சொல்லில் முன்னிலையில் இருத்தல், ஆஜராகி இருத்தல் என்ற பொருள் இருக்கிறது. ஆஜரானவர்களின் வாக்கு. திண்ணையில் ஆஜரானது பதினைந்து பேர், பிறகு வீடு வீடாகப் போய்ச் சேர்த்த கையெழுத்துகள் இருபத்தாறு. பதினாலு வருஷங்களாக அதே தெருவில் காலை ஏழு மணியிலிருந்து இருட்டும்வரை நின்றவர், எங்களில் யாரையும்விட அந்தத் தெருவில் அதிக நேரம் இருந்தவர், ஆஜராகவில்லை. அவருக்கு அங்கே வீடு இல்லை. "பொதுமக்களாகிய நாங்கள்" என்று நான் எழுதியபோது அந்த நாங்களின் எல்லை எங்கள் மதில்களின் எல்லையாக இருந்தது. ரூஸோ 1762இல் பொது விருப்பம் வேறு, எல்லோருடைய விருப்பங்களின் கூட்டுத்தொகை வேறு என்று பிரித்தார். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்துப் பதினாறு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். நாற்பத்தொரு கையெழுத்தும் கூட்டுத்தொகைதான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

தமிழில் முதன்முதலாகப் பதிவான போக்குவரத்துப் புகார் என்று மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டுச் செத்தது. பசு போய் ஆராய்ச்சி மணியை இழுத்தது. அரசாங்கமும் மக்கள் மனு கொடுக்கிற நாளுக்கு மனுநீதி நாள் என்றே பெயர் வைத்திருக்கிறது. பெயர் வைத்தவர்கள் ராஜாவை நினைத்து வைத்திருப்பார்கள். எனக்கு அந்தக் கதையில் பசுதான் முக்கியமாகப் படுகிறது. அதற்குக் கோரிக்கை இல்லை. இளவரசனை அப்புறப்படுத்துமாறு அது வேண்டவில்லை. எனக்கு இது நேர்ந்தது என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மற்றதெல்லாம் மணியைக் கேட்டவனின் பொறுப்பு. பெரியபுராணத்தில் இன்னொருவனும் இருக்கிறான். அவனை நாம் மறந்துவிடுகிறோம். இளவரசன்மேல் தேரை ஓட்டு என்று உத்தரவு பெற்ற மந்திரி. செய்யவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தன் உயிரை விட்டுவிடுகிறான். பேப்பர் இருக்கு, நான் என்னப்பா பண்றது என்று சொல்லும் வசதி அந்தக் காலத்தில் இல்லை.

1943இல் முப்பத்துநாலாம் வயதில் இங்கிலாந்தில் இறந்த சிமோன் வெய், கடைசி மாதங்களில் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு விதமான கேள்விகளைப் பிரித்துக் காட்டுகிறார். என்னை ஏன் நோகச் செய்கிறார்கள் என்பது ஒன்று. அடுத்தவனுக்கு மட்டும் ஏன் அதிகம் கிடைக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது மனிதனுக்குள்ளிருந்து வரும் அலறல். அது கேட்கப்படாத இடத்தில் அநீதி உண்டு. இரண்டாவதைச் சட்டமும் வக்கீல்களும் பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அடுத்தவனுக்கு அதிகம் என்ற கேள்வியைக் கேட்காமல் இந்த நாட்டில் ஒரு தொழிலாளியும் ஒன்றையும் பெற்றதில்லை. ஆனால் என் மனுவைப் பொறுத்தவரை அது சரியாகப் போய்ப் பொருந்துகிறது. நாற்காலியில் சரிந்த தலை முதல் வகை. அதைச் சொல்ல உட்கார்ந்த திண்ணையில் ஒரு மணி நேரத்துக்குள் அது காணாமல் போய், எங்கள் மரம், எங்கள் தெரு, எங்கள் முனை என்று ஆகிவிட்டது. முடிவில் எழுதி முடித்த மனுவில் பக்கவாதம் வந்த அம்மாளைப் பற்றி ஒரு வரி இருந்தது. அது இஸ்திரி வண்டி வாக்கியத்துக்கு ஆதாரமாக நின்றது. வண்டி நின்ற இடம் ஆம்புலன்ஸின் வழியிலேயே இல்லை.

இதற்குப் பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். வண்டி நின்ற இடம் ஆறடிக்கு நாலடி, இருபத்துநாலு சதுர அடி. எங்கள் தெருவில் இருக்கும் சிறிய கார் ஒன்று பன்னிரண்டு அடிக்கு ஐந்தரை அடி, அறுபத்தாறு சதுர அடி. ராத்திரியில் பதினோரு கார்கள் நிற்கின்றன. இதைத் தவிர ஒவ்வொரு வீட்டுக்கும் சாய்தளம். வண்டியை உள்ளே ஏற்றுவதற்காகச் சிமெண்டால் கட்டி, மழைநீர்க் கால்வாயை மூடி, தெருவுக்குள் இரண்டடி மூன்றடி நீட்டிக்கொண்டு இருப்பது. நான் குடியிருக்கும் வீட்டுக்கும் உண்டு. வீடு வாடகை வீடு, சாய்தளத்தின் மேல் நிற்கிற ஸ்கூட்டர் என்னுடையது. ஆக்கிரமிப்பு என்ற சொல்லை இந்த நாற்பத்தொரு சாய்தளங்களுக்கும் நாங்கள் பயன்படுத்துவதில்லை. அதற்குப் பெயர் வசதி.

ஜப்பானில் 1962லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டாமல் பெரும்பாலான இடங்களில் காரைப் பதிவுசெய்ய முடியாது. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், இலவசமாக நிறுத்தப்படும் காரின் செலவைக் கார் இல்லாதவனும் சேர்த்துக் கட்டுகிறான் என்பதை நிறுவ 2005இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். இதையெல்லாம் திண்ணையில் சொன்னால் சிரிப்பார்கள். நாங்கள் வீட்டுக்கடன் வாங்கும்போது கார் நிறுத்த இடம் வாங்கவில்லை. அதைத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டோம். கடன் பத்திரங்களைக் கையாளுகிறவன் என்ற முறையில் எனக்கு இது தெரியும்.

வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. நானும் குறை கேட்கிறவன்தான். ஒரு வாடிக்கையாளர் ஒரே கடிதத்தில் ஐந்து குறை எழுதியிருந்தால் எது முதலில் தீரும்? மேலதிகாரி ஒருவரையும் சங்கடப்படுத்தாமல், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடியது தீரும். மீதியைப் பற்றி "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதுவேன். கடித எண்ணைப் பதிவேட்டில் அடித்துவிடுவேன். ஆகவே அந்தச் சுகாதார ஆய்வாளர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று விஷயங்களைக் கொடுத்து எதைச் செய்வது என்ற தேர்வையும் அவரிடமே கொடுத்துவிட்டோம். பதினோரு கார்க்காரர்களோடு மோத அவருக்கு என்ன அவசியம்? நாங்கள் தெரியாமல் கொடுக்கவும் இல்லை. வண்டி போகும், கார் போகாது என்று திண்ணையில் எல்லோருக்கும் உள்ளூரத் தெரிந்திருந்தது. அந்த வாக்கியத்தைச் செதுக்கிய எனக்கும் தெரிந்திருந்தது என்றே இப்போது படுகிறது.

இதற்கு மாறாக ஒன்றும் நடந்ததில்லையா? மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற ஊர். அங்கே ஒரு வார்டில் குடியிருந்தவர்கள் நகராட்சிமேல் குறை சொன்னார்கள். திறந்த சாக்கடை, ஒரு சாராய ஆலையின் கழிவு, பக்கத்துக் குடிசைக்காரர்கள் சாக்கடை ஓரத்தில் மலம் கழிப்பது. எங்கள் மனுவைப் போலவே அதிலும் ஒரு வாக்கியம் ஏழைகளை நோக்கித் திரும்பியிருந்தது. நகராட்சி சொன்ன பதில் சுவாரஸ்யமானது. இடம் அசுத்தமானது என்று தெரிந்தேதான் வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள், இப்போது புகார் சொல்லக்கூடாது. மேலும் எங்களிடம் பணம் இல்லை. வழக்கு மாஜிஸ்திரேட்டிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1980 ஜூலையில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பணமில்லை என்பது கடமையிலிருந்து நகராட்சியை விடுவிக்காது என்பதற்காக அந்தத் தீர்ப்பை வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் படித்தபோது என்னை நிறுத்தியது உத்தரவின் வேறொரு பகுதி. ஆலைக் கழிவைத் தடுக்கவேண்டும், சாக்கடையைச் சரிசெய்யவேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே பொதுக் கழிப்பிடங்கள் கட்டித் தண்ணீர் வசதியும் துப்புரவும் செய்யவேண்டும், ஆறு மாதத்துக்குள். குடிசைக்காரர்களை அப்புறப்படுத்து என்று அங்கே இல்லை. யாரைப் பற்றிப் புகார் சொல்லப்பட்டதோ அவர்களுக்குக் கழிப்பிடம். புகார் சொன்னவர்கள் எதிர்பார்த்த நிவாரணம் அதுதானா என்பது தீர்ப்பைப் படித்தால் தெரியாது.

மனுவை எழுதும் நிமிஷத்தில் இந்த இரண்டு திசைகளும் திறந்தே இருக்கின்றன. ஒன்றை அகற்று என்று எழுதலாம். ஒன்றை அமை என்று எழுதலாம். வித்தியாசம் வினைச்சொல்லில் மட்டும் இல்லை என்பது தெரியும். ஆனால் வினைச்சொல்லில்தான் தொடங்குகிறது. தள்ளுவண்டியை அகற்று என்பதற்குப் பதில், மரத்தடியை ஒரு சதுரமாகக் கோடு போட்டு அவருக்கென்று ஒதுக்கு, ஒரு பக்கம் கார் நிற்காமல் செய் என்று எழுதியிருக்க முடியும். அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2014ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம். சேவை செய்கிறவரும் அதில் அடக்கம், ஆகவே இஸ்திரிக்காரரும். முப்பது நாள் நோட்டீஸ் இல்லாமல் வெளியேற்றக்கூடாது என்கிறது. இடங்களைப் பற்றிப் பேச நகர விற்பனைக் குழு ஒன்று வேண்டும், அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்கவேண்டும். மற்ற இடங்களில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. இரண்டு வகையிலும் நான் அந்த மேஜையில் உட்காரத் தகுதியுள்ளவன்! மனு எழுதும்போது இந்தச் சட்டம் அமலுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் அதைத் தேடிப் படித்தது சட்டை திரும்பி வந்த பிறகு.

குப்பையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொட்டி இடம் மாறியது, குப்பை மாறவில்லை. 2016ஆம் வருஷத்து விதிகள் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டன; என் வீட்டில் ஒரே வாளி. சென்னையின் குப்பை கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போயிற்று. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்தபோது புகை அதை அனுப்பிய தெருக்களைத் தேடிப் போகவில்லை, பக்கத்தில் இருந்தவர்களைச் சூழ்ந்தது. எங்கள் ஊரில் அது ஏரிக்கரைக்குப் போகிறது. பின்தெருக்காரர்கள் தொட்டியைப் பற்றி இன்னும் மனு எழுதவில்லை. எழுதினால் அது எங்கே போகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

2025 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு மண்டலங்களின் துப்புரவைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விட்டதை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நடைபாதையை அடைத்துக்கொண்டு இருக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதைத் தொடர்ந்து 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. செய்தியைப் படித்தபோது சட்டத்தின் நியாய அநியாயத்தைவிட இரண்டு சொற்கள்தான் என் கண்ணில் பட்டன. இடையூறு. அப்புறப்படுத்து. எங்கள் இடையூறுகளைத் தினமும் அப்புறப்படுத்துகிறவர்கள். அந்த இரண்டு சொற்களும் என் வாக்கியத்தில் இருந்தவை. நான் கண்டுபிடித்தவை அல்ல. கிடங்கில் தயாராக அடுக்கிவைத்திருந்தன, எடுத்துப் பூட்டினேன். தேய்ந்த சொல்லைக் கையாளுகிறான் என்று எத்தனை கவிஞர்களை இதே பக்கங்களில் கண்டித்திருக்கிறேன்.

போன மாதம் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். "கார் விஷயமா ஒரு நினைவூட்டல் போட்டுடுங்க தம்பி, பலகை வச்சதோட சரி." எழுதினேன். கார்களின் எண்ணிக்கை, சாய்தளங்களின் நீளம், வீட்டு எண் வாரியாக, நான் இருக்கும் வீட்டையும் சேர்த்து. நாலு பேர் கையெழுத்திட்டார்கள். ஒருவர் அந்த அம்மாள், இடது கையால். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். இந்த மாதம் வாடகையைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

அதோடு இன்னொரு தாளும் எழுதியிருக்கிறேன். மரத்தடியில் இருபத்துநாலு சதுர அடியைச் சட்டப்படி ஒதுக்கக் கேட்டு. இதில் அவருடைய கையெழுத்து முதலில் வரவேண்டும். அவர் இல்லாமல் அவருக்காக நாங்கள் எழுதினால் அது மறுபடியும் பழைய நாங்கள்தான். கையெழுத்து வாங்கப் போனால் முதல் மனுவை எழுதியது யார் என்று சொல்லவேண்டிவரும். தாள் மூன்று வாரங்களாக வங்கியில் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பின்வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வருகிறேன்.